திரும்பி வந்தவர்களின் கணக்கு

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. 1914-18 மகாயுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்கிறது அதில் பதித்திருக்கும் கல். போனவர் கணக்கு உண்டு, மாண்டவர் கணக்கு உண்டு. கழித்தால் மிச்சம் வரும் 263 பேரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எப்படித் திரும்பினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள், ராத்திரி தூங்கினார்களா, மறுபடி ஏர் பிடித்தார்களா, எதுவும் தெரியாது. கல்லை வைத்தவன் வெள்ளைக்காரன். அப்படிக் கணக்குப் போடும் வழக்கத்தை நூறு வருடமாகக் கைவிடாமல் காப்பாற்றி வருவது நாம்.

கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வரும்போது நாம் நன்றாகவே நடந்துகொள்கிறோம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஃபிளெக்ஸ் போர்டு ராவோடு ராவாகத் தயாராகிவிடும். கலெக்டர் வருவார், மந்திரி வருவார், அழாதவர் இருக்கமாட்டார். அதே ஊருக்கு, அதே பாதையில், கறுப்பு ட்ரங்குப் பெட்டியும் தோளில் பையுமாக உயிரோடு ஒருவர் வந்து இறங்குகிறார். வயது முப்பத்தெட்டு. நாம் கேட்கும் முதல் கேள்வி, "என்னண்ணே, ஒரேயடியா வந்துட்டீங்களா?" இரண்டாவது கேள்வியை மாதாமாதம் கேட்போம்: "கேண்டீன்ல கோட்டா வாங்கியாச்சா?" மூன்றாவது கேள்வி என்று ஒன்று நம்மிடம் இருந்ததில்லை.

டிசம்பர் 7 கொடிநாள் உண்டியலில் 1949-லிருந்து காசு போடுகிறோம். யாருக்கு இந்தப் பணம் என்று கேட்டால், எல்லையில் நிற்பவர்களுக்கு என்போம். ஊர் திரும்பியவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் அது என்பது நம் தெருவிலேயே இருக்கும் முன்னாள் ஹவில்தாரைப் பார்க்கும்போதுகூட நினைவுக்கு வருவதில்லை. சினிமாவில் நாம் அவருக்குக் கொடுத்த இடம் தெரிந்ததே. மீசையை முறுக்கிக்கொண்டு, சுவரில் மாட்டிய துப்பாக்கியை எடுத்து, மகளைக் காதலிப்பவனைத் துரத்தும் மாமனார். திடீர் சத்தத்துக்குத் திடுக்கிடுவதையும் காரணமில்லாமல் கத்துவதையும் பார்த்துத் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படித் திடுக்கிடும் ஒருவர் வீட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்று யோசிக்க நமக்கு அவசியம் வரவில்லை.

சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். பலர் நாற்பதைத் தொடும் முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர். வாத்தியார் வேலையிலோ வங்கியிலோ இருப்பவருக்கு முதல் நல்ல பதவி உயர்வு வரும் வயதில் இவருக்கு 'எக்ஸ்' என்ற முன்னொட்டு வந்துவிடுகிறது. அதோடு நாம் இவருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் வேலையும் வந்துவிடும்: ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட், கல்லூரியில் வண்டி நிறுத்துமிடம். பனிமலையில் முப்பது பேரின் உயிருக்குப் பொறுப்பாக இருந்தவர் நம் ஸ்கூட்டரை நகர்த்தி வைக்கிறார். "எக்ஸ் சர்வீஸ்மேன் செக்யூரிட்டி" என்று வீட்டு விளம்பரத்தில் நாம் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம்.

இவர் பெரும்பாலும் விவசாய வீட்டுப் பிள்ளை. இதை நாம் மறந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய மறதி. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். ராமநாதபுரத்திலும் தேனியிலும் மதுரைப் பக்கத்துக் கரிசலிலும் இப்படி ஊர்கள் உண்டு. வானம் பார்த்த பூமி, கிணறு வற்றிய பூமி, நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு அரை ஏக்கர் தேறாத பூமி இருக்கும் இடங்களில்தான் ஆளெடுப்பு முகாமுக்கு விடியற்காலையில் பையன்கள் ஓடிப் பழகுகிறார்கள். தேசபக்தி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மூத்தவனை நிலத்துக்கும் இளையவனைப் பட்டாளத்துக்கும் என்று பிரித்து அனுப்பியது நாம்; அப்போது அவன் முன்னால் நாம் பேசியது அடகு வைத்த நகையைப் பற்றியும் அக்கா கல்யாணத்தைப் பற்றியும். அவன் மணியார்டர் அனுப்பினான். பிறகு வங்கியில் போட்டான். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டோம், மோட்டார் மாற்றினோம். பதினேழு வருடம் கழித்து அவன் வந்து வரப்பில் நின்றபோது, "பங்குக்கு வந்துட்டான்" என்றோம்.

அந்த வரப்பில் இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றி நாம் பேசியதே இல்லை. கணவர் காஷ்மீரிலோ நாகாலாந்திலோ இருந்த அத்தனை வருடமும் நிலத்தைப் பார்த்தது அவர் மனைவி. விதைக்கடலை கடன் சொல்லி வாங்கியது, வி.ஏ.ஓ.விடம் அடங்கலுக்கு அலைந்தது, களை எடுக்க ஆள் கூப்பிட்டு இல்லையென்று திரும்பியது, மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வரும்போது டார்ச்சும் கம்புமாகப் போய் மோட்டார் போட்டது எல்லாம் அவர். நாம் அவரை 'மிலிட்டரிக்காரர் சம்சாரம்' என்றோம். விவசாயி என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடன் மனுவிலும் பட்டாவிலும் அவர் பெயர் இல்லை. கணவர் திரும்பியதும், "இனிமே உனக்கென்னம்மா கவலை, அவர் பாத்துக்குவாரு" என்று சொல்லி, பதினேழு வருடப் பட்டறிவை ஒரே நாளில் அடுப்படிக்கு அனுப்பினோம்.

அங்கே தொடங்குகிறது தகராறு. திரும்பி வந்தவர் உத்தரவு போட்டுப் பழகியவர். அல்லது உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகியவர். நிலத்தில் இரண்டும் செல்லாது. மழையை 'ஃபால்-இன்' செய்ய முடியாது. களையெடுக்க வரும் ஆத்தாக்கள் விசிலுக்கு நிற்கமாட்டார்கள். நாலரை மணிக்கு எழுந்து, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் தெருமுனை வரை போய்த் திரும்பும் மனிதரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்து, "மிலிட்டரி வாக்கிங் போறாரு" என்று சொல்லியிருக்கிறோம்.

திடுக்கிடவும் அலையவும் வைக்கும் இந்த நோயைப் புரிந்துகொள்ள நம் பக்கத்தில் எடுத்த முயற்சி குறைவு என்பதால் வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. 1917-ல் எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்ஹார்ட் என்ற இடத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கான மருத்துவமனை நடந்தது. பேச்சு தடுமாறி, தூக்கம் கெட்டு, கை நடுங்கி, பிரான்ஸ் போர்முனையிலிருந்து வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஆர்தர் பிராக் என்ற மருத்துவர் கிரேக்கக் கதை ஒன்றை வைத்து அவர்களிடம் பேசினார். பூமியின் மகன் ஆண்டேயஸ் காலடி மண்ணில் படும்வரை தோற்கமாட்டான். ஹெர்குலிஸ் அவனைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துத்தான் கொன்றான். போரிலிருந்து வந்தவனும் இப்படி அந்தரத்தில் இருப்பவன், அவனுக்கும் அவன் ஊருக்கும் வேலைக்கும் இருந்த தொடுப்பு அறுந்துவிட்டது, அதை மறுபடி கட்டுவதே வைத்தியம் என்பது பிராக்கின் கட்சி. படுக்கையில் கிடக்கவிடாமல் தோட்டத்துக்கும் பண்ணைக்கும் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் விரட்டினார். கவிஞர் வில்ஃபிரட் ஓவன் அவரிடம் சிகிச்சை பெற்றவர். உள்ளூர்ப் பள்ளியில் பாடம் நடத்தினார், தேறினார். தேறியவரை மறுபடி போர்முனைக்கு அனுப்பினார்கள். போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4-ல், சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியம் எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வைத்தியம் தப்பு என்று அதனால் ஆகாது.

வயல் வேலையில் பட்டாளத்துக்காரருக்குப் பொருந்துவது நிறைய உண்டு. விடியலில் உடம்பு தானாக விழிப்பதற்கு அங்கே ஒரு காரணம் கிடைக்கிறது. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் நேரம் தப்பக்கூடாது. தன் பொறுப்பில் உயிர் இருக்கிறது என்ற பழைய பாரம், கொல்லவும் சாகவும் வேண்டாத வடிவத்தில் திரும்ப வருகிறது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் தண்ணீர் பாய்ச்சப் போகலாம். ஏன் முழித்திருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பேச விருப்பமில்லாத நாளில் பேசாமல் இருக்கலாம். ஆனால் தனியாக மண்ணைக் கொத்தினால் குணமாகிவிடும் என்று நினைப்பதும் நம் சோம்பலின் இன்னொரு வடிவம். பிராக் விரட்டியது மண்ணை நோக்கி மட்டுமல்ல, மனிதர்களை நோக்கியும். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "இந்தப் பட்டத்துக்கு எள்ளு போட்டா வருமா?" என்று ஒரு யோசனை கேட்டால் அதற்கு ஒரு எடை உண்டு. நாமோ அவரிடம் பாட்டில் கேட்டோம்.

மனிதரைக் கைவிட்டு நிலத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் 1919-ல் சட்டம் போட்டு முன்னாள் வீரர்களுக்குச் சிறு பண்ணைகள் கொடுத்தது. கனடா கொடுத்தது. ஆஸ்திரேலியா ஆயிரக்கணக்கானோரை வறண்ட நிலங்களில் குடியமர்த்தியது. ஏராளமானோர் கடனில் முழுகி வேலியைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்கள். 1929-ல் அங்கே நீதிபதி பைக் விசாரித்து அறிக்கை கொடுத்தார். கைமுதல் போதவில்லை, துண்டு நிலம் போதவில்லை, விவசாயத்துக்குத் தோதில்லாதவர்களை அனுப்பினார்கள், விளைச்சலுக்கு விலை விழுந்தது என்று காரணங்கள் சொன்னார். படித்தால் நம் ஊர் வேளாண் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் உட்கார்ந்து எழுதினாரோ என்று தோன்றும்.

நம் அரசும் கொடுத்தது. வருவாய்த் துறையின் நிலையாணை 15-ன்படி முன்னாள் படைவீரர்களுக்குப் புறம்போக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டிருக்கிறது. நாம் 'கண்டிஷன் பட்டா' என்போம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்பது கண்டிஷன். எந்த நிலத்தைக் கொடுத்தார்கள் என்று போய்ப் பார்த்தால் தெரியும். ஊரில் யாரும் வேண்டாமென்று விட்ட கல்லாங்குத்து, தண்ணீர் எட்டாத மேடு. அதில் கிணறு வெட்ட ஒரு பட்டாளத்துக்காரர் தன் பணிக்கொடையைப் போட்டால், "பைத்தியக்காரன், கல்லுல காசைக் கொட்டுறான்" என்றோம். அவர் கைவிட்டதும் கண்டிஷன் முடியும்வரை காத்திருந்து கிரயம் பேசினோம். இன்று அந்த மேட்டில் பல இடங்களில் மஞ்சள் கல் நட்டு 'நகர்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இன்னொரு பாவமும் இதே கணக்கில் சேரும். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் சென்னை மாகாண அரசு, அன்று மலபார் மாவட்டத்தில் இருந்த வயநாட்டில் முன்னாள் வீரர்களுக்காக ஒரு குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. மலைக்காய்ச்சல் பூமி. அவர்களுக்கு விவசாய யோசனை சொல்ல 1946-ல் அம்பலவயலில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்; அது இன்றும் நடக்கிறது. யோசனை சொல்ல நிலையம் வைத்தது எவ்வளவோ மேல். இன்று அந்த அக்கறைகூட இல்லை. ஆனால் அந்த மண் ஆளில்லாத மண் இல்லை. பணியரும் குறுமரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காடு அது. ஒருவரைக் குணப்படுத்த இன்னொருவரின் நிலத்தை மருந்தாகக் கொடுத்ததை நாம் வளர்ச்சி என்று பாடத்தில் படித்தோம்.

'மண்ணுக்குத் திரும்புங்கள்' என்று சொல்வது மண் உள்ளவர்களைப் பார்த்துச் சொல்வது. மதராஸ் சாப்பர்ஸ் படையில் அதன் ஆரம்ப காலம் தொட்டுப் பறையர் சமூகத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். பாலம் கட்டினார்கள், கண்ணிவெடி அகற்றினார்கள், பதக்கம் வாங்கினார்கள். காலனிக்குத் திரும்பிய அந்த வீரருக்கு எந்த மண்? 1892-ல் வெள்ளைக்கார அரசு கொடுத்த பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும், பல இடங்களில் நம் கையில்தான் இருக்கிறது. அவர் ஓய்வூதியத்தில் இரண்டு ஏக்கர் வாங்க வந்தபோது ஊருக்குள் விற்பதில்லை என்று பேசி வைத்தோம். கிரயப் பத்திரம் ஆகிவிட்டாலும் வண்டிப்பாதை விட மறுத்தோம். ரெஜிமெண்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வந்தவர் ஊர் டீக்கடையில் எந்தக் கிளாஸில் குடித்தார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இவரிடம் போய் விவசாயம் மனசுக்கு நல்லது என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

பைக் சொன்ன முதல் காரணத்தை மறுபடி பார்க்கலாம். கைமுதல் போதவில்லை. நம் ஊர்களில் மாதம் ஒன்றாம் தேதி நிச்சயமாகப் பணம் வரும் விவசாயி ஒருவர்தான், அவர் ஓய்வூதியம் வாங்கும் பட்டாளத்துக்காரர். ஒரு போகம் பொய்த்தால் மற்றவர் கந்துவட்டிக்குப் போவார். இவர் அடுத்த பட்டம் வரை தாக்குப்பிடிப்பார். வரகோ குதிரைவாலியோ போட்டுப் பார்த்து நஷ்டமானாலும் அடுப்பு எரியும். பூச்சிமருந்து இல்லாமல் மூன்று வருடம் பொறுத்திருக்க யாராலாவது முடியுமென்றால் இவரால் முடியும். ஊருக்கே சோதனைக் காடாக இருக்கக்கூடியவர். இது அவருக்கு நாம் செய்யும் உதவியாக இருக்கத் தேவையில்லை, நமக்குத்தான் ஆதாயம். இவ்வளவு எளிய கணக்கு நமக்குப் புரியாமல் போனது ஆச்சரியம். அவருடைய பணிக்கொடை வந்த வாரத்தில் நாம் வீட்டு வாசலில் நின்றது சீட்டுக் கம்பெனிக்கும் மனைக்கும்.

வேறு இடங்களில் யோசித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் காய்கறிப் பண்ணை நடத்திய மைக்கேல் ஓ'கார்மன், இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பியவர்களைப் பண்ணைகளோடு சேர்த்துவைக்க அமைப்பு தொடங்கினார். அவர்கள் விளைவித்த பொருளுக்கு முன்னாள் வீரர் விளைச்சல் என்று தனி முத்திரையே கடைகளில் உண்டு. தூரம் போக வேண்டாம். டேராடூனுக்கு மேலே முசோரி மலையைச் சுண்ணாம்புக்கல் எடுத்துப் பாழாக்கியிருந்தார்கள். 1982-ல் கட்வால் பகுதியின் ஓய்வுபெற்ற வீரர்களையே சேர்த்துப் பிரதேச ராணுவத்தில் ஒரு சுற்றுச்சூழல் பட்டாலியன் அமைத்தார்கள். காலை அணிவகுப்பு உண்டு, சீருடை உண்டு. துப்பாக்கிப் பயிற்சிக்குப் பதில் குழி வெட்டி மரக்கன்று நடுவது வேலை. மொட்டை மலை பச்சையானது. பிறகு ராஜஸ்தானிலும் காஷ்மீரிலும் டெல்லியிலும் இமாசலத்திலும் அசாமிலும் மராட்டியத்திலும் இப்படி அமைத்தார்கள். கூடவே வேலை செய்ய அதே ரகத்து ஆட்கள் கிடைத்ததுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீமைக் கருவேலம் மண்டிய நம் கண்மாய்களுக்கும் தூர்ந்துபோன வரத்துக்கால்களுக்கும் இப்படி ஒன்று கேட்டு நாம் எத்தனை மனு கொடுத்தோம்? மணல் லாரிக்கு வழி கேட்டுக் கொடுத்த மனுக்களை எண்ணினால் பதில் கிடைக்கும்.

இப்போது கணக்கு மாறப்போகிறது. 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. பணி நான்கே ஆண்டு. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிலைக்கலாம், மற்றவர்கள் ஊருக்கு. கையில் சுமார் 11.71 லட்சம் இருக்கும். ஓய்வூதியம் கிடையாது. மேலே சொன்ன ஒன்றாம் தேதித் தெம்பு இவர்களுக்கு இல்லை. திரும்பும்போது வயது இருபத்துச் சொச்சம். பெண் கொடுக்கத் தயங்குவோம், வேலைக்குக் கேட்டால் கேட்டைக் காட்டுவோம். பணம் வரும் முன்பே அதற்கு யோசனை சொல்லும் ஆட்கள் தயாராகிவிட்டார்கள்: மனை புரோக்கர், செகண்ட் ஹேண்ட் கார் வியாபாரி, செக்யூரிட்டி ஏஜென்சி. தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் முன்னாள் வீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் அதில் 30 விழுக்காடு மானியமும் உண்டு. நான்கே வருடத்தில் திரும்பும் இந்தப் பிள்ளைகளும் அதற்குள் வருவார்களா என்று கேட்டு எழுத வேண்டியது நாம்.

எழுதுவதற்கு முன் ஊருக்குள் முடிவாக வேண்டியவையும் இருக்கின்றன. எந்தெந்தத் தரிசு யாருடையது, குத்தகைக்கு எழுத்து போட்டுக் கொடுப்பார்களா அல்லது வாய்ச்சொல்தானா, காலனிப் பையனுக்கும் அதே குத்தகையா, யார் கிணற்றில் முறைத் தண்ணீர், டிராக்டர் வாடகை நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன விலையோ அதே விலையா, பதினேழு வருடம் நிலம் பார்த்த பட்டாளத்து வீட்டுப் பெண்களில் யார் இவர்களுக்குச் சொல்லித்தர வருவார்கள், அதற்குக் கூலி என்ன. ஜனவரி 26 கிராமசபையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு இதையெல்லாம் பேச நேரம் இருக்கும். தீர்மான நோட்டு ஊராட்சிச் செயலரிடம் இருக்கிறது.